துடுப்பை வலிக்கலாம், தோள் வலிக்காமல்!

தமிழில் 'வலி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று நமக்கெல்லாம் நன்றாகவே தெரிந்தது. தலைவலி, இடுப்பு வலி, மூட்டு வலி என்று நாம் தினமும் புலம்புகிற வலி. இன்னொன்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்தது. துடுப்பை இழுத்துப் படகைச் செலுத்துவதையும் 'வலிப்பது' என்றுதான் சொல்கிறோம். தண்டு வலிப்பது, துடுப்பு வலிப்பது. இந்த இரண்டு வலியும் ஒன்றோடொன்று சேராமல் படகு ஓட்டுவது எப்படி என்பதைத் தூத்துக்குடியில் நாலு நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தேன். தோள்வலியால் அவதிப்படும் சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

"நாற்பத்தைந்து வயதில், வீட்டைக் கவனித்துக்கொண்டு இருக்க வேண்டியவள் கடலில் போய்ப் படகு ஓட்டுவதாவது!" என்று உங்களில் சிலர் முகவாய்க்கட்டையில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. புக்ககத்தில் எல்லாருமே வைத்தார்கள். விஷயம் இதுதான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற என் மகளுக்குக் 'கயாக்' என்ற சின்னப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. என் பெரிய நாத்தனார் வாழ்க்கைப்பட்டிருப்பது தூத்துக்குடியில். அங்கே கடல் விளையாட்டுகள் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், "நீயும் துணைக்குப் போய் வா, மதினியையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார் இவர். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். ராத்திரி தூங்கி எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். தூத்துக்குடி வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குஜராத்துக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும் பங்கு இந்த ஊர் அளங்களில்தான்.

துணைக்குப் போனவள் படகில் ஏன் ஏறினேன்? அதற்கு என் வலது தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தோள் இறுகிப் போயிற்று. தலை வாரக் கை எழும்பாது. பரணில் இருக்கும் அண்டாவை எடுக்க யாரையாவது கூப்பிட வேண்டும். 'உறைந்த தோள்' என்று டாக்டர் சொன்னார். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இது அதிகம் வருமாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். இறுக்கம் தளர ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரைகூட ஆகலாம். எனக்கு ஒன்றரை வருஷம் பிசியோதெரபிப் பயிற்சி செய்து கை திரும்பி வந்தது. கை வந்ததே தவிர, பயம் போகவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கக்கூட இடது கையே முன்னால் போகும். ஊருக்குக் கிளம்பும் முன் எனக்குப் பயிற்சி கொடுத்த அம்மாளிடம் கேட்டேன். "தோள் உயரத்துக்கு மேலே கையைத் தூக்காமல் நிதானமாகச் செய்யுங்கள். வலி தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லி அனுமதி கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையை முடிந்துகொண்டுதான் போனேன்.

கடலா, குளமா?

மெரீனாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தூத்துக்குடிக் கடல் ஆச்சரியமாக இருக்கும். காலை ஆறு மணிக்குக் கரையில் நின்றால் கோயில் தெப்பக்குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. காரணம் இருக்கிறது. எதிரே இலங்கைத்தீவு பெரிய மதில் போலக் குறுக்கே நின்று வங்கக்கடலின் அலையை மறிக்கிறது. அதற்கு இப்பால் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை சரம் கோத்த மாதிரி சிறு தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். இந்த 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். முழுகத் தெரியாத குழந்தையை முதலில் குளத்தில் இறக்குவதுபோல, படகு பழகுகிறவர்களுக்கு இந்த அமைதிக் கடல் ரொம்பவும் தோது.

இந்தக் கடலுக்கு அடியில்தான் முத்து விளைந்தது. சங்க காலத்துக் கொற்கை இங்கிருந்து பக்கம். அன்று துறைமுகம், இன்று கடல் பின்வாங்கி உள்ளே தள்ளி இருக்கிறது. பரதவர்கள் மூச்சை அடக்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, 'பார்' என்று சொல்லுகிற பாறைத் திட்டுகளிலிருந்து சிப்பி அள்ளி வருவார்களாம். 1961க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் இதே ஊரில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் செயற்கையாக உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சங்கு குளிப்பது மட்டும் இன்றும் நடக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தக் கரையில்தான். 1974இல் திறந்த புதுத் துறைமுகத்துக்கு 2011 முதல் அவர் பெயரே சூட்டியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கடலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தது இருபத்தெட்டு வயதுப் பிள்ளையாண்டான் ஒருவர். நான் "தம்பி" என்பேன். அவர் என்னை "அக்கா" என்பார். அவருடைய பெரியப்பா சங்கு குளித்தவர். இப்போது வயதாகி, கரையில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் எங்களைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை, தம்பி நாலு நாளாகச் சொன்ன பாடம் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கிவிட்டது.

"தண்ணியப் பின்னால தள்ளணும்னு நினைக்காத தாயி. துடுப்பத் தண்ணியில நட்டுக்கோ. தண்ணி அங்கேயே நிக்கட்டும். நீ அதத் தாண்டிப் போ."

தைத்துக் கொடுத்த பெண்கள்

கயாக் என்பது ஒடுங்கிய நீளப் படகு. வடதுருவப் பக்கத்துப் பனிநாடுகளில் வாழும் இனூயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகச் செய்தது. மரச்சட்டத்தின் மேல் தோலைப் போர்த்தியிருப்பார்கள். வேட்டைக்குப் போனது ஆண்கள். அந்தத் தோலைச் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதபடி தைத்துக் கொடுத்தது பெண்கள். அவர்கள் தையல் விட்டுப் போனால் கணவனின் உயிர் போய்விடும். எந்தத் தேசத்திலும் கடலுக்குப் போகிற ஆணின் உயிர் கரையில் இருக்கிற பெண்ணின் கையில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது!

இப்போது கயாக்கைப் பிளாஸ்டிக்கில் வார்த்துவிடுகிறார்கள். ஒருவர் உட்காருவதும் உண்டு, இருவர் உட்காருவதும் உண்டு. துடுப்புக்கு இரண்டு பக்கமும் தட்டை உண்டு. நீளம் இரண்டே கால் மீட்டர் அளவில் இருக்கும். வலப்பக்கம் ஒரு வலி, இடப்பக்கம் ஒரு வலி என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

தம்பி முதலில் ஒரு கணக்குச் சொன்னார். நிதானமாக ஓட்டினாலே நிமிஷத்துக்கு ஐம்பது தடவை துடுப்புப் போடுவோம். ஒரு மணி நேரத்துக்கு 3,000 தடவை. ஆளுக்கு இருக்கிற புஜத்துச் சதையும் தோள் மூட்டைச் சுற்றியுள்ள சின்னத் தசைகளும் அத்தனையையும் தாங்குமா? தாங்காது. முதுகும் வயிறும் இடுப்பும் காலும் பெரிய தசைகள். அவற்றை வேலை வாங்கினால் 3,000 என்ன, இன்னும் மேலேயும் போகலாம். "கை வெறும் கயிறுதான்க்கா. இழுக்கிறது உடம்பு" என்றார்.

எனக்குச் சட்டென்று எங்கள் பாட்டி தயிர் கடைவது ஞாபகம் வந்தது. தூணில் மத்தைக் கட்டி, கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு பாட்டி உட்காருவாள். வலக்கை பின்னால் வரும்போது இடக்கை தானாக முன்னால் போகும். கையோடு சேர்ந்து இடுப்புக்கு மேலே உடம்பு முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். எழுபது வயதிலும் ஒரு பானைத் தயிரைக் கடைந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். அவளுக்குத் தோள் வலித்து நான் பார்த்ததில்லை. கயாக்கில் முன்னேறிப் போகிற துடுப்பு வீச்சும் அதேதான், சகோதரிகளே. மத்துக் கயிற்றுக்குப் பதில் கையில் துடுப்பு.

நடு, திரும்பு, எடு

தம்பி சொல்லிக் கொடுத்த முறையை வரிசையாகத் தருகிறேன்.

உட்காருவது: முதுகுச் சாய்மானத்தில் சாயவே கூடாது. மணையில் நிமிர்ந்து உட்காருகிற மாதிரி, இடுப்பிலிருந்து ஒரு இம்மி முன்னால் வந்த மாதிரி உட்கார வேண்டும். சாய்ந்துவிட்டால் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாவிட்டால் வேலை முழுக்கத் தோளுக்கு வந்துவிடும். முழங்கால் லேசாக மடங்கியிருக்க, முன்பாதம் கால்தாங்கியில் பதிய வேண்டும்.

பிடிப்பது: கரையில் நின்று துடுப்பைத் தலைமேல் வைத்துப் பார்த்தால் இரண்டு முழங்கையும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதுதான் கைகளுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி. (என் தோளுக்காக அந்த அளவை மார்புக்கு நேரே வைத்துப் பார்த்துக் கொடுத்தார்.) பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது. நடக்கிற குழந்தையின் விரலைப் பிடிக்கிற அளவு போதும். இறுக்கிப் பிடித்தால் அரை மணியில் உள்ளங்கை கொப்பளித்துவிடும், முன்னங்கையும் கடுக்கும்.

நடுவது: வலப்பக்கம் போட வேண்டுமானால் வலது தோள் முன்னால் வரும்படி இடுப்பைத் திருப்பி, கால் விரல் இருக்கும் இடத்துக்கு நேரே, படகை ஒட்டினாற்போல், தட்டை முழுவதும் அமிழும்படி துடுப்பை இறக்க வேண்டும். முழுக்க அமிழ்ந்த பிறகுதான் இழுவை. 'சளக்' என்று சத்தம் வந்தால் தண்ணீரோடு காற்றையும் சேர்த்துப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த வலி பாதி வீண். கொதிக்கிற எண்ணெயில் வடையை ஓசைப்படாமல் நழுவ விடுகிறோமே, அந்தப் பக்குவம்.

திரும்புவது: இப்போது முறுக்கிய இடுப்பைத் திரும்பவும் பிரிக்க வேண்டும். கையை மடக்கி இழுப்பதில்லை. அதே நேரத்தில் வலது கால் கால்தாங்கியை அழுத்த வேண்டும். வலப்பக்கத் துடுப்புக்கு வலது கால், இடப்பக்கத்துக்கு இடது கால். படகை முன்னால் கொண்டுபோவது இந்தக் கால்தான். மேலே இருக்கிற கை கீழ்நோக்கி அமுக்காமல் குறுக்கே போகட்டும். நெடுந்தூரம் போகிறவர்களும் என்னைப் போலத் தோளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் அந்தக் கையைத் தோளுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். பந்தயத்துக்குப் போகிறவர்கள்தான் உயர்த்திப் பிடிக்கிறார்கள்.

எடுப்பது: துடுப்பு இடுப்புக்கு நேரே வந்ததும் பக்கவாட்டில் எடுத்துவிட வேண்டும். அதற்கும் பின்னால் இழுத்தால் அது தண்ணீரை மேலே தூக்குகிறதே ஒழியப் படகை முன்னால் தள்ளுவதில்லை. படகின் பின்புறம் அமிழ்ந்து வேகமும் குறையும். முழங்கை முதுகுக்குப் பின்னால் போனால் தோள் மூட்டுக்கும் ஆகாது. வலப்பக்கம் எடுக்கும்போதே இடது தோள் முன்னால் வந்து அடுத்த வலிக்குத் தயாராக நிற்கும். மத்துக் கயிறு மாதிரி!

இன்னொரு சங்கதி. துடுப்பு படகைவிட்டு விலகி அகலமாக வளைந்து போனால் படகு நேரே போகாமல் திரும்பும். ஒட்டிப் போட்டால் நேர்க்கோட்டில் போகும். என் மகளுக்கு இது முதலில் பிடிபடவில்லை. இளம் ரத்தம், புஜபலத்தில் இழுத்தாள். படகு வட்டமடித்தது. கரையிலிருந்த பெரியவர், "பிள்ளை கோலம் போடுது" என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் தம்பி எனக்கு ஒரு பயிற்சி வைத்தார். முழங்கை இரண்டையும் மடக்காமல் நீட்டியபடியே ஓட்ட வேண்டும். கை மடங்காதபோது படகு நகர வேண்டுமானால் இடுப்பு திரும்பியே ஆக வேண்டும் அல்லவா? பத்து நிமிஷத்தில் உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அன்று இரவு படுக்கும்போது என் தோளைத் தொட்டுப் பார்த்தேன். வலி இல்லை. விலாவிலும் இடுப்பின் இரண்டு பக்கத்திலும்தான் லேசான வலி. மறுநாள் சொன்னதும் தம்பிக்கு ஒரே சந்தோஷம். "வலி இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிருச்சுக்கா!" என்றார்.

காற்று எதிர்த்த நாள்

மூன்றாம் நாள் நானும் மகளும் இருவர் படகில் போனோம். தம்பி தன் படகில் கூடவே வந்தார். இருவர் படகில் முன்னால் இருப்பவர் தாளம் வைக்க, பின்னால் இருப்பவர் அதைப் பார்த்தே போட வேண்டும். இல்லாவிட்டால் துடுப்போடு துடுப்பு மோதும். மகள் முன்னால், நான் பின்னால். கிழக்கே சூரியன் எழும்பி, தண்ணீர் முழுக்கத் தகதகவென்று இருந்தது. கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் போயிருப்போம்.

ராத்திரியெல்லாம் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, காற்று அடங்கி, பிறகு கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். வழக்கம் அதுதான். அன்று அடங்க வேண்டிய நேரத்தில் கரைக்காற்று வலுத்துக்கொண்டது. தம்பி பார்த்த மாத்திரத்தில், "திரும்பிரலாம்க்கா" என்றார். திருப்பினோம். காற்று நேரே முகத்தில் அடித்தது. சின்னச் சின்னதாக அலை நுரைத்தது. இரண்டு துடுப்பு நிறுத்தினால் படகு பின்னால் போனது.

மகள் பதறிப் போய்ப் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். ஐந்தே நிமிஷத்தில் மூச்சு வாங்கிற்று. "அம்மா, கை போயிருச்சும்மா" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் தோள் இந்த வேளையில் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? தம்பியிடம் இழுவைக் கயிறு இருந்தது. "கட்டட்டுமாக்கா?" என்று பக்கத்தில் வந்தார். "பத்து நிமிஷம் பாப்போம் தம்பி. முடியலேன்னா கட்டுங்க" என்றேன்.

எதிர்க்காற்றில் எப்படிப் போட வேண்டும் என்று அவர் ஓடிக்கொண்டே சொன்னார். சின்ன வலியாக, சற்று வேகமாக. கையை இன்னும் தாழ்த்தி, மேலே இருக்கிற தட்டையில் காற்றுப் பிடிக்காமல். உடம்பு ஒரு பிடி முன்னால். முக்கியமாக நிறுத்தவே கூடாது. நான் குரல் கொடுத்து எண்ணினேன். "ஒண்ணு... ரெண்டு... கையை விடு, காலை அழுத்து. ஒண்ணு... ரெண்டு..." மகள் அழுகையை விழுங்கிக்கொண்டு அந்தத் தாளத்துக்கு வந்தாள். கரையில் ஒரு விளக்குக் கம்பத்தைக் குறியாக வைத்துக்கொண்டேன். முதலில் அது அப்படியே இருந்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், விரல் கடை அளவுக்கு உயரமாயிற்று. அதைப் பார்த்ததும் வந்த தெம்பு இருக்கிறதே!

போகும்போது பதினைந்து நிமிஷம். வரும்போது முப்பத்தைந்து நிமிஷம். கயிறு கட்டவில்லை. கரையில் இறங்கி, ஈர உடையோடு என் வலது கையை மெல்லப் பின்னால் கொண்டுபோய்க் கூந்தலை முடிந்துகொண்டேன். முடிய முடிந்தது. இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த தோளை அன்றுதான் மறுபடி என்னுடைய தோள் என்று நினைத்தேன்.

பெரியவர் வலையிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார். "கையால வலிக்கிறவன் பாதி வழியில உக்காந்துருவான் தாயி. எங்க அப்பா காலத்துல முதுகால வலிச்சவன்தான் பாருக்குப் போய்ச் சேருவான். நீ சேந்துட்ட" என்றார்.

இது எனக்கு மட்டும் வாய்த்த அதிசயம் இல்லை. ஜெர்மனியில் ஃப்ரேயா ஹாஃப்மைஸ்டர் என்று ஒரு பெண்மணி. 1964இல் பிறந்தவர், ஒரு பிள்ளைக்குத் தாய், ஐஸ்கிரீம் கடை நடத்தியவர். 2009இல் தன்னந்தனியாகக் கயாக்கில் ஆஸ்திரேலியாவை முழுக்கச் சுற்றி வந்தார். பிடித்தது 332 நாட்கள். இப்படிச் சுற்றிய முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்கும் வயது நாற்பத்தைந்து! நம் நாட்டு பிராச்சி யாதவ் கால்கள் சரிவர இயங்காதவர். 2021இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் இறங்கிய முதல் இந்தியர். 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் கயாக் போட்டியில் தங்கம் வாங்கினார்.

மதினியின் கேள்வி

என் நாத்தனார் அந்தக் கடலுக்கு அரை மைலில் இருபத்தேழு வருஷமாகக் குடித்தனம் செய்கிறார். தினமும் மாடியில் வடகம் காயப் போடும்போது கடலைப் பார்ப்பார். ஒரு நாள்கூடத் தண்ணீரில் போனதில்லை. கடற்கரைப் பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு காய வைப்பார்கள். கடலுக்குப் போகிறது ஆண்கள் வேலை என்றே வழக்கம். ராமநாதபுரம் பக்கத்துத் தீவுகளில் பெண்கள் முழுகிக் கடற்பாசி எடுக்கிறார்கள் என்று நான் சொன்னபோது, "அது வயித்துப்பாட்டுக்கு" என்றார்.

நாலாம் நாள் வேடிக்கை பார்க்க எங்களோடு கரைக்கு வந்தார். வெகு நேரம் பேசாமல் நின்றுவிட்டு, மெதுவாக என் பக்கம் குனிந்து, "ஏன், சேலையைத் தூக்கிச் செருகிட்டு ஒரு தடவ உக்காரலாமா?" என்று கேட்டார். மகளின் சுடிதார் ஒன்றை மாட்டிவிட்டு, மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி, இருவர் படகில் முன்னால் உட்கார வைத்தோம். இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போகவில்லை. முதலில் படகின் இரண்டு விளிம்பையும் கெட்டியாகப் பிடித்திருந்தார். பிறகு துடுப்பைக் கையில் வாங்கினார். "மதினி, தயிர் கடையற மாதிரி" என்றேன். அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டு நாள் ஆனது அவருக்கு இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது! அவர் இன்றும் வீட்டில் மத்தால்தான் கடைகிறார். கரையைத் திரும்பிப் பார்த்து, "நம்ம வீடு இங்க இருந்து இம்புட்டூண்டாத் தெரியுதே" என்று அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

வீட்டிலேயே பழகலாம். மணையில் காலை நீட்டி உட்கார்ந்து, தரை துடைக்கிற குச்சியைத் துடுப்பு மாதிரி பிடித்து, இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை இடுப்பைத் திருப்பிப் பழகுங்கள். படகு ஓட்டாதவர்களுக்கும் இடுப்புக்கு இது நல்ல பயிற்சி. தோளிலோ முதுகிலோ ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும்.

நீச்சல் தெரிந்தாலும் மிதவைச் சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். தனியே போகாதீர்கள். சொல்லித் தருகிறவரிடம் இழுவைக் கயிறும் விசிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விடியற்காலையே நல்ல நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கும். புதிதாகக் கற்பவர்களை அது கரையைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நலம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் கடல் பக்கமே போக வேண்டாம்.

கப்பல் வருகிற வழியிலும் துறைமுக எல்லையிலும் படகு விடக் கூடாது. தேசியப் பூங்காத் தீவுகளில் அனுமதி இல்லாமல் இறங்கவும் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலே போதும். பவளப்பாறையும் கடல்புல்லும் அங்கே நிம்மதியாக வளரட்டும்.

தலைக்குத் தொப்பி, முழுக்கைச் சட்டை, குடிக்கத் தண்ணீர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வந்து நீர்மோர் குடித்தால் தேவாமிர்தமாக இருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன் முந்திரியும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்கிற தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா வாங்க மறந்துவிடாதீர்கள். காற்றுப் படாமல் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் நமுத்துப் போகும்.